கட்சிக்குப் புள்ளடி, ஆளுக்கு இல்லை

கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் அந்த ஒழுங்கையில் ஸாலிஹாவைத் தெரியாத அடுப்படி, தெரியாத குசினி கிடையாது. மருதமுனைக் கைத்தறிச் சாரியும் சாறனும் மூட்டையாகத் தோளில் தொங்க, ளுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் வயிறு நிறையத் தின்று சாய்ந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் அவள் வருவாள். முன் கேற்றைத் தட்டமாட்டாள். கிணற்றடிப் பக்கமாக வந்து நின்று, "என்ன புள்ள, சாப்பாடு முடிஞ்சுதா?" என்று குரல் கொடுப்பாள். முப்பது வருடங்களுக்கு மேலாக இதுதான் அவளுடைய தொழில்.

ஊருக்குத் தெரிந்த தொழில் அது. தெரியாத தொழில் ஒன்றும் இருந்தது. ஐந்தாறு வருடத்துக்கு ஒரு முறை வரும். அரசாங்கத்துக்குப் பொறுக்காவிட்டால் அதற்கு முன்னமும் வரும். மீராமுகைதீன் என்ற மனிதர் பாராளுமன்றத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தத் தொழில். 'மனிதர்', 'அவர்' என்பதெல்லாம் இங்கே எழுத்து மரியாதைக்காக. ஸாலிஹாவின் மனதுக்குள் அவர் என்றைக்கும் 'அவன்'தான்.

மீராமுகைதீன் அந்த ஒழுங்கையில் பிறந்தவர் அல்ல. மாப்பிள்ளையாக வந்தவர். இந்தக் கரையில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் மூட்டை கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகவேண்டும். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். பிள்ளை பிறந்தால் அது தாயின் குடியில், தாய்வழி வம்சத்தில்தான் சேரும்; வாப்பாவின் குடி வேறு, பிள்ளையின் குடி வேறு. அவர் ஜெனூபாவைக் கட்டி வந்து குடியேறியது ஓடாவி வீட்டுக் குடிக்காரரின் வளவில். ஸாலிஹாவும் அதே குடிதான். அந்த முறையில் ஜெனூபா அவளுக்கு ராத்தா என்ற அக்கா, மீராமுகைதீன் மச்சான்.

பழைய காலத்தில் வாக்கு என்பது குடியின் சொத்தாகத்தான் இருந்தது. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் இருப்பார். தேர்தலில் நிற்பவர்கள் அவரைத்தான் வந்து பார்ப்பார்கள். அவர் தலையை ஆட்டினால் குடியே ஆட்டினதாகக் கணக்கு. ஆண்கள் வீட்டுக்கு வந்து சொல்வார்கள், பெண்கள் போய்ச் சீட்டில் புள்ளடி போட்டுவிட்டு வந்து சோறு வடிப்பார்கள். ஸாலிஹாவின் முதல் வாக்கு எண்பத்திரண்டில், விளக்கா குடமா என்று நாட்டைக் கேட்ட சர்வஜன வாக்கெடுப்பில் விழுந்தது. மரைக்கார் சொன்ன பக்கம் போட்டாள். திரும்பி வரும் வழியில், "எதுக்கு உம்மா இத போட்ட நாம?" என்று கேட்டாள். "எனக்கென்ன தெரியும் மகள்" என்றாள் உம்மா.

எண்பத்தொன்பது மாசியில் வந்த தேர்தலில்தான் வாக்குச் சீட்டு மாறியது. தொகுதிக்கு ஒருவர் என்ற முறை போய், முழு மாவட்டத்துக்கும் கட்சிப் பட்டியல் வந்தது. மேலே கட்சிக்குப் புள்ளடி. கீழே விருப்பு இலக்கங்கள். அதில் பிடித்த மூன்று பேருக்குப் போடலாம். கட்சி வென்றாலும் யார் உள்ளே போவது என்பதை அந்த இலக்கங்கள்தான் தீர்மானிக்கும். ஆண்கள் சந்தியில் கூடி நின்று அந்தக் கணக்கை ஒருவருக்கொருவர் விளங்கப்படுத்தினார்கள். பெண்களுக்கு யாரும் விளங்கப்படுத்தவில்லை. அந்தத் துண்டு எவ்வளவு கூரான கத்தி என்று அன்றைக்கு ஸாலிஹாவுக்கும் தெரியாது.

அவளுடைய புருசன் றாஸிக்கிடம் ஒரு ஒலிபெருக்கி செற் இருந்தது. கல்யாண வீடு, கந்தூரி, கூட்டம் என்று எங்கேயும் அவன்தான். மீராமுகைதீன் முதல் முறையாகத் தேர்தல் கேட்டபோது, சொந்த மச்சான் வெல்லவேண்டும் என்று ஒரு மாதம் ஊண் உறக்கம் இல்லாமல் கத்தித் திரிந்தான். தொண்டை கட்டிப்போய், வீட்டில் கைச்சாடையில்தான் தண்ணீர் கேட்பான். வாக்களிப்பு முடிந்த மறுநாள் விடியற்காலை, முடிவு ஒழுங்கை முழுக்கக் கேட்கவேண்டும் என்று மீராமுகைதீனின் வளவுத் தென்னையில் ஏறிக் குழாயைக் கட்டினான். இரவு பெய்த மழையில் மரம் வழுக்கியது. விழுந்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்; ஜனாஸாவாகத்தான் திரும்பக் கொண்டு வந்தார்கள். ஸாலிஹாவுக்கு அப்போது வயது இருபத்தைந்து. மடியில் சுல்பிகா என்று இன்னும் பேச்சு வராத மகள் ஒன்று.

மீராமுகைதீன் வரவில்லை. வாக்கு எண்ணும் இடத்தில் நிற்கிறார் என்றார்கள். சரி, அது நியாயம். பிறகு வென்றுவிட்டார் என்றார்கள். இனி வருவார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளிப்பாட்டிக் கபனிட்டு, சந்தூக்கில் வைத்துத் தூக்கி, கலிமாச் சத்தத்தோடு ஒழுங்கைக்கு இறக்கிய நேரம் அவர் வந்தார். திறந்த ஜீப்பில் மாலையோடு நின்றுகொண்டு, முன்னும் பின்னும் பட்டாசு வெடிக்க, ஊர்வலமாக வந்தார். ஒழுங்கை ஒடுக்கம். இரண்டுக்கும் இடம் போதாது.

பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஸாலிஹா கிடுகு வேலிக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தாள். சந்தூக்கைத் தூக்கியவர்கள் வேலியோரம் ஒதுங்கினார்கள். ஜீப்புக்குப் பக்கத்தில் நடந்து வந்த ஒருவன் மேலே பார்த்துச் சொன்னான்:

"ஹாஜியார், நம்மட றாஸிக்கிட ஜனாஸா. கொஞ்சம் நிப்பாட்டி வழி விடுவம்."

"வோட்டைப் போட்டுட்டுத்தானே போனான்" என்றார் மீராமுகைதீன். "நமக்கு ஒண்டும் குறையல்ல. நீ எடு வாகனத்த."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜீப் போனது. கலிமா பட்டாசுக்குள் அமுங்கிப் போனது. அந்தச் சிரிப்பைத்தான் ஸாலிஹாவால் கடைசிவரை விழுங்க முடியவில்லை. இப்படியும் ஒரு மனிதன் பேசுவானா என்று கேட்டால், பேசினான். அதையும் சொந்த வளவு மரத்தில் இருந்து விழுந்து செத்தவனைப் பற்றிப் பேசினான்.

கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் இருந்த நாலு மாதமும் பத்து நாளும் அவள் வெளியே போகவில்லை. ஆறுதல் சொல்லப் பெண்கள் வந்தார்கள். வந்தவர்கள் ஆறுதல் சொல்லி முடித்த பிறகு தங்கள் சொந்தக் கதையைச் சொன்னார்கள். யாருடைய மகனுக்கு வேலை தருவதாகச் சொல்லிக் கூட்டத்துக்கு ஆள் பிடித்தார்கள், யாருடைய வயலுக்குத் தண்ணீர் விடுவதாக வாக்குக் கொடுத்தார்கள் என்றெல்லாம் கதை வந்தது. ஸாலிஹா கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்த ஒழுங்கையில் வீடுகளெல்லாம் பெண்களுடையவை, மாப்பிள்ளைமார் வந்து இருப்பவர்கள் என்பது அவளுக்குப் பிறந்ததில் இருந்தே தெரியும். அதை வைத்து ஒரு காரியம் செய்யலாம் என்பது அந்த நாட்களில்தான் மண்டையில் ஏறியது.

இத்தா முடிந்ததும் ஒலிபெருக்கி செற்றை விற்றாள். மருதமுனையில் போய்ச் சாரி எடுத்தாள்.

தொண்ணூற்று நாலில் மறுபடியும் தேர்தல் வந்தபோது அவளுக்கு எந்தக் குசினியில் எந்த நோவு இருக்கிறது என்பது அத்துப்படி. றாஸிக்கின் பெயரை அவள் ஒரு இடத்திலும் எடுக்கவில்லை. அழுது புலம்பவும் இல்லை. சாரியை விரித்துக் காட்டிவிட்டு, மடிக்கும்போதுதான் கதையைத் தொடங்குவாள்.

"ஒங்கட மூத்தவன்ட வேலை விசயம் என்னாச்சு ராத்தா? எம்.பி. பாத்துத் தாறன் எண்டு சொன்னாரெண்டீங்களே."

"எங்க புள்ள. அது அப்பிடியே கிடக்கு."

"அவருக்கும் எத்தின வேலையோ. நம்மட நினைப்பு எங்க வரப்போகுது?"

அதற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். சாரியின் விளிம்பைச் சரி பார்ப்பாள். மூட்டையைக் கட்டிக்கொண்டு எழும்பும்போது குரலைத் தாழ்த்துவாள்.

"கட்சிய விட்டுராதீங்க, அது நம்மட. மேல புள்ளடியப் போடுங்க. கீழ நம்பருக்கு வேற ஆக்களும் இரிக்காங்கதானே."

இவ்வளவுதான். கட்சிக்குத் துரோகம் என்று யாரும் நெஞ்சில் கை வைக்க வேண்டியதில்லை. புருசனிடம் பொய் சொல்லவும் வேண்டியதில்லை, "கட்சிக்குப் போட்டியா?" என்று கேட்டால் "ஓம்" என்று அல்லாஹ்வுக்குப் பொதுவாகச் சொல்லலாம். ஒழுங்கைப் பெண்களுக்கு இது பிடித்துப் போயிற்று. சொந்தமாக ஒன்றைச் செய்து, அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு சோறு பரிமாறுவதில் அவர்களுக்கு ஒரு ருசி கிடைத்தது.

அந்த முறை மீராமுகைதீன் தப்பிப் பிழைத்து வென்றார். இரண்டாயிரத்தில் கட்சி வென்றது, அவர் தோற்றார். சொந்த ஒழுங்கையிலேயே வாக்கு விழவில்லை என்று ஏஜென்ட்மார் சொன்னபோது அவருக்கு நம்ப முடியவில்லை. ஸாலிஹா அன்றைக்குச் சோறு சமைத்து, பதினொரு வருடத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

ஆனால் அந்தச் சந்தோசம் பன்னிரண்டு மாதம்தான். அடுத்த வருடமே பாராளுமன்றத்தைக் கலைத்தார்கள். மீராமுகைதீன் கட்சி மாறினார். எந்தக் கட்சிக்கு என்று கேட்டு என்ன பயன். அந்த மனிதர் ஏறி இறங்காத வாகனம் இந்த மாவட்டத்தில் இல்லை. சம்மாந்துறைப் பக்கத்திலும் அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் விழுந்த வாக்கில் உள்ளே போய், பிரதி அமைச்சராகவும் வந்தார். வந்தவுடன் பழி தீர்த்தார். தன்னை விழுத்தியது யார் என்று யோசித்தார். ஆண்களை மட்டும்தான் யோசித்தார். போன முறை தனக்காகப் பாடுபட்ட ஹிஷாம் மாஸ்டர்தான் உள்ளே இருந்து கழுத்தறுத்தார் என்று முடிவு கட்டி, அவரைத் தூரத்துக் கோமாரிப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கி அடித்தார். விடியுமுன் பஸ் ஏறி, பொழுதுபட்டு வீடு வரும் பாடு. மாஸ்டருக்கு நெஞ்சு வருத்தமும் இருந்தது.

ஹிஷாம் மாஸ்டரின் மனைவி பாஹிமா, ஸாலிஹா போனபோது அடுப்படியில் இருந்து அழுதுகொண்டிருந்தாள்.

"எங்கட மனுசன் எம்.பி.க்குத்தான் போட்டாரு கா. மத்த ரெண்டு நம்பரையும் விட்டுப்போட்டு அவரு நம்பருக்கு மட்டும் போட்டாரு. நானும் நீயும்தானே செஞ்ச."

தான் எறிந்த கல் யாருடைய தலையில் விழுந்திருக்கிறது என்று ஸாலிஹா அன்றுதான் கண்ணால் கண்டாள். மாஸ்டர் நல்ல மனிதர். றாஸிக்கின் சந்தூக்கில் தோள் கொடுத்தவர்களில் ஒருவர். குற்றம் அவளைக் குத்தியது. குத்தவில்லை என்று சொன்னால் பொய்.

"போய்ச் சொல்லப் போறியா பாஹிமா? சொல்லு. நான் தடுக்க மாட்டன்."

பாஹிமா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சொல்லி? இந்த மனுசன நாளைக்கே திருப்பித் தருவானா அவன்?" என்றாள். பிறகு, "அடுத்த முறை என்ட தங்கச்சிமாருக்கும் நானே சொல்றன்" என்றாள்.

இரண்டாயிரத்து நாலு சித்திரையில் மறுபடியும் தோற்றார். அதே வருடம் மார்கழியில் கடல் வந்தது. அந்த ஒழுங்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்தக் காலையை விரித்து எழுதுவார்கள். இங்கே அது தேவையில்லை. ஸாலிஹாவின் சாரி மூட்டைக்காகக் கிணற்றடியில் காத்திருந்த பெண்களில் பாதிப் பேர் அதற்குப் பிறகு இல்லை. மிஞ்சியவர்கள் கூடாரத்திலும், பிறகு வயல் பக்கத்து வீட்டுத்திட்டங்களிலும் சிதறிப்போனார்கள். மீராமுகைதீன் லொறி லொறியாகச் சாமான் கொண்டு வந்து, மேடை போட்டு, படம் பிடித்துக் கொடுத்தார். ஸாலிஹாவும் வரிசையில் நின்று கூரைத் தகரம் வாங்கினாள். தகரத்தை வாங்கினாள், இலக்கத்தைக் கொடுக்கவில்லை.

இரண்டாயிரத்துப் பத்தில் அந்தத் தகரங்களின் பலத்தில் அவர் ஒரு முறை வென்றார். ஸாலிஹா விடவில்லை. வீட்டுத்திட்டங்களுக்கு நடந்தாள். கால் நோவுக்குக் கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு நடந்தாள். மகள் சுல்பிகா வளர்ந்து, கல்யாணம் முடித்து, வீடும் அவள் பெயருக்குப் போய்விட்டது. ஒரு நாள் அவள் கேட்டாள்:

"விடுங்களன் உம்மா. வாப்பா மௌத்தாகி எத்தின வருசம். அல்லாஹ்வுக்கிட்ட ஒப்படைங்க."

"அல்லாஹ்வுக்கிட்ட ஒப்படைச்சதை அவன் பாத்துக்குவான்" என்றாள் ஸாலிஹா. "எனக்கிட்ட ஒரு வோட்டும் ரெண்டு காலும் தந்திரிக்கான். அத நான் பாத்துக்குறன்."

இரண்டாயிரத்துப் பதினைந்தில் தோற்றார். இருபதில், எண்ணுகிறவர்கள் அவருடைய இலக்கத்தைத் தேடிப் பிடிக்க வேண்டிய அளவுக்குத் தோற்றார். அதற்கடுத்த வருடம் பக்கவாதம் வந்து ஒரு காலையும் ஒரு கையையும் இழுத்துக்கொண்டது. இனி அவர் தேர்தல் கேட்கப் போவதில்லை. ஒழுங்கைப் பெண்கள் ஸாலிஹாவைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார்கள். வென்றாயிற்று என்று அவர்கள் நினைத்தார்கள்.

ஸாலிஹாவுக்கு அப்படி இல்லை. மனிதர் மேல்மாடியில் சாய்கதிரையில் இருந்துகொண்டு, வந்தவர் போனவரிடமெல்லாம் துரோகிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹிஷாம் மாஸ்டர் துரோகி. பழைய மரைக்கார் துரோகி. கூடப்பிறந்த தம்பியே துரோகி. அவனோடு பேச்சு வார்த்தையை நிறுத்தி இருபது வருடம். ஆலையடிவேம்பில் தனக்காக வேலை செய்த நல்லரெத்தினமும் துரோகி. றாஸிக்கின் பெயர் அந்த வாயில் வரவே இல்லை. எதற்காகத் தோற்றோம் என்று தெரியாமலே, நல்லவன் வேடத்தோடு, நாலு பேர் பாவம் என்று சொல்ல அவர் மௌத்தாகிவிடுவார். அதை நினைத்தால் ஸாலிஹாவுக்கு வயிறு எரிந்தது. அடித்தவள் யார் என்றும் எதற்கு என்றும் அடிபட்டவனுக்குத் தெரியாவிட்டால் அது என்ன பழி? நேரே போய்ச் சொல்லலாம். சாரி விற்கிறவளின் வாய்ப் பேச்சை அந்த மனிதர் நம்பமாட்டார், சிரிப்பார். இன்னொரு முறை அந்தச் சிரிப்பைக் கேட்க அவளால் ஏலாது.

இருபத்து நாலில் தேர்தல் அறிவித்தபோது மீராமுகைதீன் தன் மகன் அஸ்பாக்கை இறக்கினார். இங்கேதான் இந்தக் கரையின் அரசியல்வாதிகள் மறந்துபோகும் ஒரு காரியத்தை அவரும் மறந்தார். தன் மகன் என்பதால் தன் குடி தூக்கிவிடும் என்று நினைத்தார். அவருடைய குடியோ, தங்கள் பெண் பிள்ளைக்குப் பிறந்த ஒருவனைப் போட்டிக்கு விட்டிருந்தது. "அஸ்பாக் நல்ல பொடியன்தான், ஆனா நம்மட குடிப் பிள்ளை இல்லையே" என்று அங்கே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அஸ்பாக் தாயின் குடி. ஓடாவி வீட்டுக் குடி. அவனுக்கு விழவேண்டிய வாக்கெல்லாம் அந்த ஒழுங்கையில்தான் கிடந்தது.

ஜெனூபா ஒரு வியாழக்கிழமை அஸர் தொழுகைக்கு முன்னால் வந்தாள். வாகனத்தில் வரவில்லை. முன் கேற்றாலும் வரவில்லை. கறுப்பு அபாயாவோடு ஒழுங்கை வழியே நடந்து வந்து, கிணற்றடியில் நின்று, "ஸாலிஹா, இரிக்கியா புள்ள?" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் இந்த வளவுக்குள் கால் வைத்ததில்லை. ஸாலிஹா அந்த வீட்டுக்கு ஒரு சாரி கொண்டு போனதும் இல்லை.

ஸாலிஹா கதிரையை இழுத்துப் போட்டாள். தேத்தண்ணி வேணுமா என்று கேட்கவில்லை.

"மகனுக்காக வந்திரிக்கன்" என்றாள் ஜெனூபா. "அவன் நம்மட குடிப் பிள்ளை. நீ சொன்னா பெட்டைகள் கேக்கும்."

"நான் சாரி விக்கிறவ ராத்தா. எனக்கென்ன எலக்சன் தெரியும்?"

"எனக்கிட்டயும் இத சொல்லாத" என்றாள் ஜெனூபா. "எனக்குத் தெரியும். தொண்ணூற்று நாலில இருந்து தெரியும். நீ என்ட மாமிட குசினில சொன்னத அவ எனக்கிட்ட வந்து சொன்னா. மேல புள்ளடியப் போடுங்க, கீழ வேற ஆக்கள் இரிக்காங்க எண்டு."

தெரிந்தும் முப்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவளை ஸாலிஹா நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப ஏன் அவருக்கிட்டச் சொல்லல்ல?"

ஜெனூபா ஒழுங்கைப் பக்கம் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஒண்ட மாப்பிள்ளைட ஜனாஸா வந்த நேரம் நான் கேற்றடில நிண்ட. அவரு சொன்னதும் கேட்ட. எங்கட வளவு மரத்தில இருந்து விழுந்த பிள்ளை அது. அதே வாயால இரவைக்கு எனக்கிட்டச் சோறு கேட்டாரு. போட்டுக் குடுத்தன். வேற என்ன செய்ய ஏலும் எனக்கு? பொறகு நீ சொன்னது காதில விழுந்தது. நானும் அப்பிடியே செஞ்சன். அதுக்குப் பொறகு ஒரு எலக்சன்லயும் அவருட நம்பருக்கு நான் போடல்ல ஸாலிஹா. அவருக்காக நோன்பு பிடிச்ச, குர்ஆன் ஓதின, வாற ஆக்களுக்கெல்லாம் சமைச்ச. நம்பர மட்டும் போடல்ல."

கிணற்றடியில் கோழி ஒன்று கிளறிக்கொண்டிருந்தது. ஸாலிஹா அதைத் துரத்தினாள். சும்மா, கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. இவ்வளவு காலம் தான் தனியாக நடந்ததாக நினைத்த வழியில், அந்த வீட்டுக்குள் இருந்தே ஒருத்தி நடந்து வந்திருக்கிறாள். கட்டிப் பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. ஆனால் அவள் அழவில்லை. அவளுக்குள் வேறொன்று பளிச்சென்று விளங்கியது. தான் சொன்னால் நம்பாதவன், இவள் சொன்னால் நம்புவான்.

"சொல்றன் ராத்தா" என்றாள். "எல்லாப் பெட்டைகளுக்கும் சொல்றன். வீட்டுத்திட்டத்துக்கும் போறன். ஒங்கட மகனுட நம்பரத் தவிர வேற நம்பர் ஒருத்தியும் தொடமாட்டா. ஆனா ஒண்டு."

"என்ன?"

"இப்ப எனக்கிட்டச் சொன்னத அவருக்கிட்டச் சொல்லுங்க. எதுக்கெண்டும் சொல்லுங்க."

"அத மட்டும் கேக்காத புள்ள. சுகமில்லாத மனுசன். ஏலாத காலத்தில..."

"என்ட மனுசனும் ஏலாமத்தான் சந்தூக்கில கிடந்தாரு."

"அவரு தாங்க மாட்டாரு."

"தாங்குவாரு. எத்தின பேர துரோகி எண்டு சொல்லித் தாங்கிட்டிரிக்காரு. உண்மையான ஆளையும் தெரிஞ்சுக்கட்டும்."

ஜெனூபா எழும்பிப் போனாள். போகும்போது ஸலாம் சொல்ல மறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒழுங்கை முழுக்க அஸ்பாக்கின் முகம் சுவரில் சிரித்தது. ஸாலிஹா மூட்டையை எடுக்கவில்லை. பெண்கள் வந்து கேட்டார்கள்: "இந்த முறை என்ன ராத்தா?" "பொறுங்க" என்றாள். பாஹிமா வந்து கேட்டாள். அவளுக்கும் அதே பதில்தான். தேர்தலுக்கு ஒரு கிழமை இருக்கிறபோது சுல்பிகாவே, "அந்தப் பொடியன் என்ன செஞ்சான் உம்மா?" என்று சண்டைக்கு வந்தாள். அந்தப் பொடியன் ஒன்றும் செய்யவில்லை என்பது ஸாலிஹாவுக்கும் தெரியும். ஹிஷாம் மாஸ்டரும் ஒன்றும் செய்யவில்லைதான்.

ஜெனூபா மறுபடியும் வந்தாள். இந்த முறை கதிரையில் இருக்கவில்லை. கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நாள் தூங்காத முகம்.

"சொல்லிட்டன்."

ஸாலிஹா கிட்ட வந்து நின்றாள்.

"முதல்ல சிரிச்சாரு. பைத்தியமா உனக்கு எண்டாரு. நான் திரும்பவும் சொன்னன். பொறகு சிரிக்கல்ல. எப்ப இருந்து எண்டு கேட்டாரு."

"நீங்க?"

"நீங்க முதல்ல வெண்ட நாளில இருந்து எண்டன். றாஸிக்கிட பேரைச் சொன்னன். அவருக்குப் பிடிபட கொஞ்ச நேரம் எடுத்தது." ஜெனூபா மூச்சை இழுத்து விட்டாள். "பொறகு, நீ மட்டும்தானா எண்டு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்டும் சொல்லல்ல. இறங்கி வந்துட்டன். அதில இருந்து அதத்தான் கேட்டுட்டிரிக்காரு. சோத்தைக் கொண்டு போனாலும் கேக்காரு, மருந்தைக் கொண்டு போனாலும் கேக்காரு. நீ மட்டும்தானா, நீ மட்டும்தானா எண்டு."

ஸாலிஹாவின் முகத்தில் அப்போது வந்ததை இரக்கம் என்று சொல்ல முடியாது. நெடுங்காலம் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவளின் முகம் அது. உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து ஜெனூபாவின் கையில் கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் நின்றாள். பிறகு சாரி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்கு இறங்கினாள்.

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். ஒரு குசினி பாக்கி இல்லாமல் ஏறி இறங்கினாள். அஸ்பாக் வென்றானா தோற்றானா என்பது மாவட்டத்தின் மற்ற ஊர்களையும் பொறுத்த விசயம். அது இந்தக் கதைக்கு வேண்டாம். அந்த ஒழுங்கை அவனைக் கைவிடவில்லை.

வாக்களிப்பு நாளன்று பள்ளிக்கூடத்தில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. மீராமுகைதீனைச் சக்கர நாற்காலியில் கொண்டு வந்தார்கள். முன்னைய தேர்தல்களில் அவர் வந்து இறங்கினால் நேரே ஆண்கள் வரிசைக்குப் போய், கை கொடுத்து, தோளில் தட்டி, பெயர் சொல்லி விசாரிப்பார். பெண்கள் வரிசையை ஒரு முறையும் திரும்பிப் பார்த்ததில்லை. அங்கே அவருக்கு என்ன வேலை?

இந்த முறை ஆண்கள் பக்கம் அவர் பார்க்கவில்லை. நாற்காலியைத் தள்ளியவனிடம் கையைக் காட்டி, பெண்கள் வரிசைக்கு முன்னால் நிற்பாட்டச் சொன்னார். முதலில் நின்ற கிழவியைப் பார்த்தார். அவள், "அஸ்ஸலாமு அலைக்கும், சுகமா இரிக்கீங்களா மகன்?" என்று வாய் நிறையச் சிரித்தாள். அடுத்தவளைப் பார்த்தார். அவளும் ஸலாம் சொல்லிச் சிரித்தாள். பாஹிமா ஸலாம் சொன்னாள். சமைத்துப் போட்டவர்கள், அவருடைய கூட்டத்துக்குக் கதிரை கொடுத்தவர்கள், அவருக்கு நோயென்றதும் துஆக் கேட்டவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக, என்றைக்கும் போல அன்பாக, தலைச் சீலையைச் சரி செய்துகொண்டு ஸலாம் சொன்னார்கள். அவர் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. இழுபட்ட வாயோடு முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஸாலிஹாவிடம் வந்தபோது கண் நின்றது. அவளை அவருக்கு அடையாளம் தெரிந்தது; இந்த முறை தெரிந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்" என்றாள் அவள்.

கண் அவளோடு நின்றிருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும். ஆனால் அவருடைய கண் அவளைத் தாண்டி, பின்னால் நின்ற பெண்ணுக்குப் போனது. அதற்குப் பின்னால் நின்றவளுக்கும் போனது. அவள் போன முறைதான் முதல் வாக்குப் போட்டவள். அவளும் சிரித்தபடி ஸலாம் சொன்னாள். வரிசை கேற்றைத் தாண்டி றோட்டு வரைக்கும் நீண்டிருந்தது.

"வாப்பா, உள்ள போவம்" என்று அஸ்பாக் வந்து கூப்பிட்டான்.

வாப்பா போகவில்லை. அவர் இன்னும் எல்லா முகங்களையும் பார்த்து முடித்திருக்கவில்லை.